எல்லைக்கல் நிற்காத காணி

யாழ்ப்பாணத்தாருக்குக் காணி என்றால் நாலு எல்லையோடு சேர்ந்ததுதான் காணி. உறுதியை விரித்தால் முதலில் பரப்பும் குழியும் வரும். அடுத்த வரியில் கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னாரின் காணி, மேற்கு கோவில் காணி, தெற்கு தெரு என்று நாலு பக்கமும் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காக இரண்டு தலைமுறை பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் எந்த ஊரிலும் உண்டு. 1707இல் ஒல்லாந்தர் இந்த மண்ணின் வழக்கங்களைத் தேசவழமை என்று எழுத்தில் தொகுத்தபோது சீதனமும் முதுசமும் ஒற்றியும் காணி விற்பனையில் பங்காளிக்குள்ள முன்னுரிமையும் அதில் முக்கிய இடம் பிடித்தன. இந்த எல்லைப் பற்றைக் கேலி செய்வது சுலபம். பேராறும் மலையும் இல்லாமல், மூன்று பக்கமும் உப்புநீர் சூழ்ந்த ஒரு தட்டை நிலத்தில், தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் வேண்டிய மண்ணை அளந்து காப்பாற்றிய மக்களின் பழக்கம் அது.

பருத்தித்துறையிலிருந்து தென்கிழக்கே போகப்போக அந்தப் பழக்கத்துக்கு வேலை குறைகிறது. வல்லிபுரம், மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில், செம்பியன்பற்று, தாளையடி, உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு, சுண்டிக்குளம் என்று நீளும் வடமராட்சி கிழக்கில் காணியின் ஒரு எல்லை கடல். மார்கழியில் அந்த எல்லை வாடிக்குக் கிட்ட வந்து நிற்கும். ஆனியில் வள்ளத்தைத் தள்ளிக் கடலில் இறக்க இன்னும் நாலு பேரைத் தேடவேண்டிய அளவுக்குத் தூரம் போயிருக்கும். போனதற்கும் வந்ததற்கும் எவரும் வழக்கு வைப்பதில்லை.

சட்டமும் இதில் கொஞ்சம் திணறித்தான் எழுதியிருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், கரையோர வலயத்தைச் சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர், சராசரித் தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றர் என்று வகுத்தது. இரண்டு அளவும் சராசரியில் தொடங்குகின்றன. சராசரியில் கதியால் நட முடியாது. மணற்கரையை நிலம் என்று நினைப்பதால் வரும் இடர்ப்பாடு இது. உண்மையில் அது ஒரு நடமாட்டம். அந்த நடமாட்டத்தை ஓரிடத்தில் நிறுத்திவைக்க நாம் செய்பவையே கரையை இல்லாமல் ஆக்குகின்றன என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

*

குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். கீரிமலை, காங்கேசன்துறை, மயிலிட்டி, வல்வெட்டித்துறை என்ற வடகரையில் அந்தக் கல்லே கடலை நேருக்கு நேர் சந்திக்கிறது. வெளியே முருகைப் பார் அலையை முதலிலேயே உடைத்துவிடும். படகு வந்துபோவதற்கு அந்தப் பாரில் வான் வெட்டித் திறந்திருப்பார்கள். மணல் அங்கே ஒடுங்கிய ஒரு பட்டிதான். காரைநகரின் கசூரினாவும் வேலணையின் சாட்டியும் ஆழமில்லாத, அலை அடங்கிய கடலோரங்கள். கிழக்குக் கரை இவற்றோடு சேராது. ஒரு பக்கம் வங்காள விரிகுடா முழுவதும் திறந்து கிடக்கிறது. மறுபக்கம் கடனீரேரி. இரண்டுக்கும் நடுவே மணல் போர்த்த ஒடுங்கிய நிலம், அதன்மேல் ஒரு தெரு, தெருவின் இருபுறமும் ஊர்கள்.

இந்த மணல் எங்கிருந்து வந்தது? தமிழகத்தின் கிழக்குக் கரைக்குப் பாலாறும் காவிரியும் வைகையும் அணைகள் எழும்வரை மணலைக் கொண்டுவந்து கொட்டின. நமக்கு அப்படியொரு ஆறு இல்லை. வழுக்கியாறு மழைக்கு மட்டும் ஓடுவது, அதுவும் யாழ்ப்பாணக் கடனீரேரிப் பக்கம் போவது. வன்னியிலிருந்து வரும் கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தில் தேங்கி, மிஞ்சியது ஆனையிறவு–சுண்டிக்குளம் கடனீரேரியில் இறங்குகிறது. அது சுமந்துவரும் மணலில் பெரும்பங்கு திறந்த கடலை எட்டமுன் குளத்திலும் ஏரியிலுமே படிந்துவிடும். ஆகவே நமது கரையில் கிடப்பது பெரும்பாலும் பழைய மணல். கடல்மட்டம் ஏறியும் இறங்கியும் வந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்தது, சிப்பியும் முருகையும் நொறுங்கிக் கலந்தது, கரையோரமாக ஊர்ந்து வந்தது. புதுவரவு சொற்பம். இந்தக் கரையைப் பற்றிப் பேசும்போது மறக்கக்கூடாத முதல் உண்மை இதுதான்.

ஆழ்கடலில் அலைதான் பயணம் போகிறது, நீர் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே சுழல்கிறது. கடலின் ஆழம் அலைநீளத்தின் பாதிக்குக் குறையும்போது அலை அடித்தரையில் உரசத் தொடங்கும். வேகம் குறையும், உயரம் கூடும். தன் உயரத்தைவிடச் சற்றே கூடிய ஆழத்துக்கு வந்ததும் உடையும். ஒரு மீற்றர் அலை ஏறத்தாழ ஒன்றேகால் மீற்றர் நீரில் சரியும். அலையின் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தோடு பெருகுவது. 3 மீற்றர் அலை 1 மீற்றர் அலையைவிட 9 மடங்கு வலியது. புயல் ஓரிரவில் செய்வதை மற்ற அலைகள் மாதக் கணக்கில் செய்வதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

சோளகக் காலத்தில் கிழக்குக் கரைக்குக் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். தூரத்துக் கடலில் பிறந்த தாழ்ந்த, நீண்ட அலைகள் ஆறுதலாக வந்து ஏறும். ஏறும்போது மணலைத் தூக்கி வருகின்றன. இறங்கும்போது நீரில் ஒரு பங்கு காய்ந்த மணலுக்குள் சுவறிவிடும். மிச்ச நீருக்கு அந்த மணலைத் திருப்பி அள்ளிப்போக வலு போதாது. அலைக்கு ஒரு பிடி என்று கரை அகலும்.

வாடையில் எல்லாம் மாறிவிடும். ஐப்பசி கழிந்தால் விரிகுடாவின் அலைகள் குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக வரும். முன்னது இறங்கி முடியமுன் பின்னது ஏறும். மழையிலும் அலையிலும் ஊறிய மணல் இனிச் சுவற இடமில்லாமல் நிறைந்திருக்கும். ஏறிய நீர் முழுப் பாரத்தோடு திரும்பி மணலைக் கீழே இழுக்கும். அலை சரிவாக வந்து மோதினால் மணல் கடலுக்கு இறங்குவதோடு கரையோரமாகவும் நடக்கும். அலை வரும் கோணம் பருவத்தோடு மாறுவதால் அந்த நடையின் திசையும் மாறும்.

ஒரு தை மாதம் ஆழியவளைப் பக்கம், வாடை இரண்டு நாள் ஓய்ந்திருந்த காலையில், மணல்மேட்டின் கடற்பக்கம் ஆளுயரத்துக்கு நேர்க்குத்தாக அறுபட்டு நின்றதைப் பார்த்தேன். வெட்டுமுகத்தில் மணல் விரல் தடிப்பில் அடுக்கடுக்காகத் தெரிந்தது. ஒரு அடுக்கு வெளிறியது, அடுத்தது மங்கல், நடுவே நொறுங்கிய மட்டி. முழங்கால் உயரத்தில் ஒரு அடுக்குக்குள்ளிருந்து நீல நைலோன் வலைத்துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே இருந்த மணல் முழுவதும் நைலோன் வலை இந்தக் கரைக்கு வந்த பிறகு குவிந்தது. பழையதென்று நினைத்த மேடு என் வயதுகூட இல்லாததாக இருக்கலாம். மேல் விளிம்பில் அடம்பன் கொடியின் வேர்கள் அந்தரத்தில் தொங்கின. அடியில், அலை விட்டுப்போன இடத்தில், மையைச் சிந்தியதுபோலக் கறுப்பு மணல் கோடுகோடாகக் கிடந்தது.

கறுப்பு மணலைக் கடல் கொண்டுவந்து போடவில்லை. பாரம் குறைந்த வெள்ளை மணலை அள்ளிக்கொண்டு போனதால் அது வெளியே தெரிந்தது. சாதாரண படிக மணலின் அடர்த்தி நீரைப்போல 2.65 மடங்கு, இல்மனைட் 4.7 மடங்கு அளவில். அலை அள்ளும்போது இலேசானது முதலில் போகும், பாரமானது பின்தங்கும். இதே சலிப்பு நெடுங்காலம் நடந்ததால்தான் தெற்கே புல்மோட்டையில் அகழ்ந்து ஏற்றுமதி செய்யும் அளவுக்குக் கனிய மணல் சேர்ந்தது. ஒரு கரையில் கறுப்புக் கோடு புதிதாகத் தெரிந்தால், அங்கிருந்து மணல் அண்மையில் போயிருக்கிறது என்று வாசிக்கலாம்.

பக்கத்தில் கரைவலை பொத்திக்கொண்டிருந்த முதியவரிடம், “இவ்வளவு மணலும் போட்டுதே ஐயா” என்றேன்.

“எங்க தம்பி போனது? உதிலதான் கிடக்கு” என்று, கரையிலிருந்து சற்று வெளியே வெள்ளையாக உடைந்துகொண்டிருந்த அலைவரிசையைத் தாடையால் காட்டினார். “பங்குனிக்குப் பிறகு வந்து பார்.”

அவர் காட்டிய இடத்தில் அலை உடைவதற்குக் காரணம் கீழே ஒரு மணல்திட்டு உருவாகியிருப்பது. கரையிலிருந்து போன மணல் அங்கே படிந்து, அடுத்து வரும் பேரலைகளைக் கரைக்கு வெளியிலேயே உடைக்கிறது. கரை தன் உடம்பில் ஒரு பகுதியைக் கழற்றி முன்னே போட்டுத் தன்னைக் காத்துக்கொள்கிறது. அலை அடங்கிய பிறகு அந்தத் திட்டு மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்து கரையோடு ஒட்டும். கரையோரப் பொறியியல் நூல்கள் இதைக் குளிர்காலத் தோற்றம், கோடைத் தோற்றம் என்று வரைந்து காட்டும். கரைவலைக்காரருக்கு வலையின் மடி எங்கே தட்டும், எங்கே தட்டாது என்ற அன்றாடக் கணக்கு அது.

*

பருவத்து வாடை கொண்டுபோவதைப் பருவம் திருப்பித் தந்துவிடும். புயல் கொண்டுபோவது எல்லாம் அப்படித் திரும்புவதில்லை. தாழமுக்கத்தின் நடுவில் கடல்மட்டமே உயர்கிறது, காற்று அதன்மேல் இன்னும் நீரைக் குவிக்கிறது. வழக்கமாக அலை எட்டாத மேட்டின் தலையில் அலை ஏறும். மேட்டில் பள்ளமான இடம் கிடைத்தால் அதன் வழியே நீர் பாய்ந்து, மணலைப் பின்பக்கக் கடனீரேரிக்குள் விசிறிபோலப் பரப்பும். ஆழமான நீருக்குப் போன மணலைச் சோளகத்தின் மெல்லிய அலைகளால் எடுத்துவர முடியாது. மேட்டைத் தாண்டிப் போன மணல் அங்கேயே நின்றுவிடும்.

1964 டிசம்பர் 22, 23இல் வட இலங்கையைக் கடந்து பாக்கு நீரிணையில் புகுந்த புயலை எங்கள் பெரியவர்கள் ஆண்டுக் கணக்குக்கே பயன்படுத்தினார்கள். அந்தப் புயலுக்கு முன் பிறந்தது, பின் கட்டியது என்பார்கள். அதே புயல்தான் எதிர்க்கரையில் தனுஷ்கோடியை முடித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் கடலுக்குள் போயிற்று. தனுஷ்கோடியும் வடமராட்சி கிழக்கைப்போல இருபுறமும் நீர் நெருக்கும் மணல்நாக்கு. அங்கே இன்று தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்தின் எச்சமும் நிற்கின்றன. மணல்நாக்கு இன்னும் இருக்கிறது, அரிச்சல்முனையில் நீண்டும் குறுகியும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அழிந்தது நகரும் மணலின்மேல் நகராமல் நின்ற ஊர்.

2008 நவம்பரில் வந்த நிஷா வேறொன்றைக் காட்டியது. புயல் கரையை வெளியிலிருந்து மட்டும் தாக்குவதில்லை. குடாநாடு முழுவதும் கொட்டிய மழை கடனீரேரிகளில் நிறைந்து, வெளியேற வழி தேடிற்று. தொண்டைமானாற்றில் கதவுகளைத் திறந்து விடலாம். முல்லைத்தீவின் வட்டுவாகலில் மணல்தடையை வெட்டிவிடுவது நெடுநாள் வழக்கம். உரிய நேரத்தில் வெட்டாவிட்டால் நீர் தானே உடைக்கும், உடைக்கும் இடத்தை அது தேர்ந்துகொள்ளும். முகத்துவாரத்தில் உள்ளிருந்து வரும் வெள்ளமும் வெளியிருந்து வரும் அலையும் மணலை எதிரெதிர்ப் பக்கம் தள்ளும். 2020 டிசம்பரில் புரெவி, 2025 நவம்பரில் டித்வா என்று புயல்களின் பெயர் மாறினாலும் இந்த இருமுனைத் தாக்கம் மாறவில்லை.

2004 டிசம்பர் 26 இவற்றோடு வைத்து எண்ணக்கூடியதல்ல. சுனாமி காற்றில் பிறந்த அலையல்ல. கடலடித் தரை அசைந்ததால் கடல் முழு ஆழத்தோடு நகர்ந்தது. இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோன அந்தக் காலை, வடமராட்சி கிழக்கின் ஊர்களில் வீட்டுக்கு வீடு இழப்பை வைத்துவிட்டுப் போயிற்று. உடுத்துறை நினைவாலயத்தில் ஆண்டுதோறும் அந்த நாளில் சனம் கூடுகிறது. அந்த அழிவுக்குள்ளும் மணலைப் பற்றிய ஒரு பாடம் இருந்தது. இலங்கையின் தென்கிழக்கே யாலவில் ஆய்வு செய்தவர்கள், கடல் தெரியவேண்டும் என்பதற்காக மணல்மேடு அகற்றப்பட்ட இடத்தில் இருந்த விடுதி முற்றாக அழிந்ததையும், அயலில் மேடு குலையாமல் இருந்த இடங்களில் நீர் பெரிதும் தடுக்கப்பட்டதையும் பதிவு செய்தார்கள். மேட்டால் எந்தச் சுனாமியையும் நிறுத்திவிட முடியாது. மேடு இல்லாத இடத்தில் நீர் நேரே உள்ளே வரும் என்பது மட்டும் உறுதி.

*

மணல்மேட்டைக் கட்டுவது காற்று, பிடித்து வைப்பது செடி. அலை ஒதுக்கிய மணல் காய்ந்ததும் காற்று அதை உள்ளே தள்ளும். அடம்பன் கொடியோ இராவணன் மீசையோ இருக்கும் இடத்தில் காற்றின் வேகம் தடைப்பட்டு மணல் விழும். விழுந்த மணல் செடியை மூடும். செடி மேலே கிளம்பி இன்னொரு முடிச்சில் வேர் விடும். இப்படி மணலும் செடியும் மாறிமாறி உயர்ந்துதான் மேடு. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்ற பழமொழியை மேடைகளில் ஒற்றுமைக்குச் சொல்லுவார்கள். கரையில் அது நேர்ப்பொருளில் உண்மை.

பிடிக்கச் செடியில்லாத மேடு நடக்கத் தொடங்கும். மணற்காட்டில் பழைய அந்தோனியார் கோவிலின் சுவர்களை மணல் பாதி விழுங்கி வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். சற்று வடக்கே, 1936இல் வசப மன்னனின் பெயர் பொறித்த பொன்னேடு கிடைத்த வல்லிபுரத்தின் பழைய குடியிருப்பும் இதே மணற்பரப்பில்தான் இருந்தது. ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளாக இந்த மணலின்மேல் மனிதர் இருந்திருக்கிறார்கள். மணல் வரும்போது விலகியும் இருந்திருக்கிறார்கள். புரட்டாதிப் பூரணையை ஒட்டி வல்லிபுர ஆழ்வார் கடல் தீர்த்தத்துக்கு எழுந்தருளும்போது ஆயிரக்கணக்கானோர் அந்த மணலில் நடந்துதான் கடலுக்குப் போகிறார்கள்.

நடக்கும் மணலை நிறுத்த மணற்காட்டில் சவுக்கு நட்டார்கள். அது காற்றை மறித்தது, விறகும் தந்தது. ஆனால் கடலை ஒட்டிய முதல் மேட்டில் சவுக்கு நல்ல காவலாளி அல்ல. உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தையாகப் படிந்து அடம்பனையும் புல்லையும் வளரவிடாது. வாடை அடியை அரித்ததும் மரம் வேரோடு சாயும், சாயும்போது மேட்டையும் பெயர்த்துக்கொண்டு விழும். முன்வரிசை கொடிக்கும் புல்லுக்கும் உரியது. தாழைக்கும் சவுக்குக்கும் பனைக்கும் இடம் அதற்குப் பின்னால்.

மேட்டுக்கு இன்னொரு தொழில் இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரிவதில்லை. மணலில் விழும் மழை ஓடாது, நேரே கீழே இறங்கும். நிலத்தடியில் உப்புநீர்மேல் நன்னீர் மிதக்கும். நன்னீருக்கும் கடல்நீருக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டின்படி, கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். மேட்டை வழித்து நன்னீர்மட்டம் ஒரு அடி தாழ்ந்தால் போவது அந்த ஒரு அடி மட்டுமல்ல என்பதை இந்த விகிதம் சொல்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே, கையால் தோண்டிய கிணற்றில் குடிக்கத்தக்க தண்ணீர் இருப்பது இதனால்தான். 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குடாநாட்டின் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு அது வேண்டியதுதான். அதே தாளையடிக்கு வடக்கிலும் தெற்கிலும் மின்சாரமும் சவ்வும் இல்லாமல் மணல் இதே வேலையைச் செய்து வந்தது என்பதையும் சேர்த்து எழுதி வைக்கவேண்டும்.

*

போர்க்காலத்தில் இந்தக் கரை இன்னொரு எல்லைக்கோட்டைச் சுமந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு கிளாலி–முகமாலை–நாகர்கோவில் என்று ஓடிய முன்னரங்கின் கிழக்குமுனை இந்த மணலில்தான் கடலைத் தொட்டது. மண்ணணை, பதுங்குகுழி, கண்ணிவெடி எல்லாம் மணலில் இறங்கின. பல இடங்களில் மனிதர் போகமுடியாததால் மணலை எவரும் தொடவுமில்லை. 2009க்குப் பிறகு பாதை திறந்தது, சனம் திரும்பியது, இடிந்த வீடுகளை எழுப்பவேண்டியிருந்தது. எழுப்ப மணல் வேண்டும். குடத்தனை, அம்பன், மணற்காடு, நாகர்கோவில் என்று மேடுகளை நோக்கி உழவு இயந்திரங்களும் டிப்பர்களும் போயின. அனுமதியோடு போனவையும் உண்டு, இரவில் போனவையும் உண்டு. கல் அரியவும் சுவர் பூசவும் வளவை நிரவவும் அந்த மணல் வலிகாமத்துக்கும் தென்மராட்சிக்கும் நகரத்துக்கும் வந்தது. வீடிழந்தவன் வீடு கட்டியதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்தத் தேவைக்குப் பின்னால் வந்த வியாபாரத்தைச் சொல்லாமல் விடவும் முடியவில்லை.

கடல் எடுக்கும் மணலுக்கும் டிப்பர் எடுக்கும் மணலுக்கும் வேறுபாடு இதுதான்: வாடையில் கடல் எடுத்தது கரைக்கு முன்னால் திட்டாகக் கிடந்து திரும்பும். டிப்பர் எடுத்தது சுவராகிவிடும், திரும்பாது. ஆறு கொண்டுவந்து நிரப்பாத ஒரு கரையில் மேட்டு மணல் விதைநெல். பஞ்சத்திலும் அதில் கை வைக்கமாட்டோம் என்பது வெள்ளாமைக்காரன் விதி. உலகம் ஆண்டுக்கு 5,000 கோடி தொன் மணலும் சரளையும் பயன்படுத்துகிறது என்று ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டம் கணக்கிடுகிறது. நமது பங்கு அதில் ஒரு துளி. நமது இருப்பும் ஒரு துளி.

மணல் குறைந்து கடல் உள்ளே வந்ததும் நாம் கேட்பது கல்லணை. இங்கேதான் வேலி மனம் கரைக்கு வருகிறது. கல்லணை அதற்குப் பின்னால் இருக்கும் வீட்டைக் காக்கும், அதை மறுக்கமுடியாது. அதற்கு முன்னால் இருக்கும் கரையை அது காக்காது. சாய்ந்த மணலில் ஏறித் தன் வலுவைச் செலவழிக்கவேண்டிய அலை கல்லில் மோதித் திரும்பி, அடியிலுள்ள மணலை வாரும். பின்னாலுள்ள மேட்டிலிருந்து மணல் இறங்கி வரவும் வழியில்லை. சில வருடத்தில் கல்லுக்கு முன்னால் கரை என்று ஒன்று இல்லாமல் போகும், கரைவலைப் பாடும் போகும். அணை முடியும் இடத்தில் அரிப்பு அடுத்த ஊருக்குத் தாவும்.

அடுத்த ஊர் என்ன ஆகும் என்பதைத் தமிழகக் கரை நூறாண்டுக்கு மேலாகக் காட்டிவருகிறது. 1876இல் தொடங்கிக் கட்டிய சென்னைத் துறைமுகத்தின் அணைகள், வடக்கே நடந்துகொண்டிருந்த மணலை மறித்தன. தெற்கே மெரீனா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கடல் தெருக்களைத் தின்றது, பின்பு கல் கொட்டினார்கள். ஒருவர் கால் நனைத்துச் சுண்டல் தின்னும் அகன்ற மணலும், இன்னொருவர் வீட்டைப் பறிகொடுத்ததும் ஒரே மணற்கணக்கின் இரண்டு பக்கங்கள். 1980களின் இறுதியில் புதுச்சேரியில் துறைமுகம் கட்டியபோதும் இதே கதை திரும்ப நடந்தது. நகரத்தின் முன் இருந்த மணற்கரை போய்க் கல் வந்தது. குடாநாட்டில் இறங்குதுறைகளும் மீன்பிடித் துறைமுகங்களும் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஒவ்வொரு அணைக்கும் முன்னால் கேட்கவேண்டிய கேள்வி, இங்கே மணல் எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் நடக்கிறது, மறித்தால் எந்த ஊர் காயும் என்பது. நிலத்தில் நாம் போடும் வேலி அயலவனின் ஒரு சாணைத்தான் எடுக்கும். கரையில் போடும் வேலி அயலூரையே எடுத்துவிடும்.

*

1901க்கும் 2018க்கும் இடையே உலகக் கடல்மட்டம் சராசரி 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது என்று காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு சொல்கிறது. உயரும் வேகமும் கூடியிருக்கிறது. 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கூட்டு ஆய்வு மையத்தைச் சேர்ந்த மிகாலிஸ் வூஸ்டூகாஸ் குழுவினர், இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் உலகின் மணற்கரைகளில் கிட்டத்தட்டப் பாதி மறையக்கூடும் என்று எழுதினார்கள். அதே ஆண்டில் அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் அன்ட்ரூ கூப்பரும் அவரோடு சேர்ந்தவர்களும் மறுத்தார்கள். கடல் உயர்ந்தால் கரை சாகாது, பின்வாங்கும், பின்வாங்க இடமும் மணலும் இருந்தால் தன் வடிவத்தோடு உள்ளே நகர்ந்து வாழும் என்பது அவர்களின் வாதம். இந்த வழக்கில் நான் கூப்பர் பக்கம். கரைகளுக்குப் பல்லாயிரம் ஆண்டாக உயரும் கடலோடு பழக்கம் உண்டு. பின்னால் சுவர் இருப்பது அவற்றுக்குப் புதிது.

ஆனால் வடமராட்சி கிழக்கில் அந்த ஆறுதல் முழுதாகச் செல்லாது. பின்வாங்கினால் பின்னால் இருப்பது கடனீரேரி. மனிதர் இல்லாதபோது இப்படிப்பட்ட மணல்நாக்கு புயலுக்குப் புயல் தன் முன்பக்க மணலைப் பின்பக்கம் தள்ளி, ஏரிக்குள் புதுநிலம் போட்டுக்கொண்டே உருண்டு நகரும். இன்று அதன்மேல் வீடுகள், கோவில்கள், பள்ளிக்கூடங்கள், சுனாமிக்குப் பிறகு எழுப்பிய குடியேற்றங்கள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் தூக்கிக்கொண்டு உருளமுடியாது. ஆகவே இங்கே மேட்டைக் காப்பதைத் தவிர மலிவான வழி வேறில்லை. முதல் மேட்டில் புதுக்கட்டடம் கூடாது. கடலுக்குப் போகும் பாதையை மேட்டை நேரே வெட்டித் திறக்காமல் வளைத்து எடுக்கவேண்டும், நேராக வெட்டிய பாதையே புயல்நீருக்கும் பாதை. அடம்பனைப் பற்றை என்று செருக்கி எறியக்கூடாது. மணல் அள்ளும் அனுமதியை இத்தனை கியூப் என்ற கணக்கில் மட்டும் எழுதாமல், இந்த மேட்டுக்கு எத்தனை வருடத்தில் எவ்வளவு திரும்ப வருகிறது என்று அளந்தபின் எழுதவேண்டும். அளக்காத இடத்தில் அனுமதியே வேண்டாம்.

இதற்கெல்லாம் திணைக்களமும் பிரதேச செயலகமும் வரவேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. மணலை ஏற்றுபவர் வடமராட்சியில் இருந்தாலும் இறக்குவிப்பவர் நாங்கள்தான். கொக்குவிலிலோ சுன்னாகத்திலோ சாவகச்சேரியிலோ வீடு கட்டத் தொடங்குகிறவர், ஒரு லோட் மணல் வந்து படலையில் நின்றதும் விலையைக் கேட்பார். இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: இது எந்த ஊர் மணல், எந்த அனுமதியில் வந்தது? கடற்கரை மேட்டு மணல் என்றால் இறக்கவிடாதீர்கள். உப்புக் கலந்த மணல் கம்பியைத் தின்னும் என்பதால் உங்கள் வீட்டுக்கும் அதுதான் நல்லது.